ரத்த வாந்தி: எண்டோஸ்கோபியா, எம்போலைசேஷனா, ஆபரேஷனா? கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ரத்த வாந்தி எடுத்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த குடும்பத்திடம், விடிவதற்குள் மூன்று வெவ்வேறு படிவங்களில் கையெழுத்து கேட்கப்படலாம். முதலில், வாய் வழியாகக் கேமரா உள்ள குழாயை (ஸ்கோப்) விட்டு, உள்ளே பார்த்து ரத்தத்தை நிறுத்தும் எண்டோஸ்கோபிக்கு. அதில் ரத்தம் நிற்கவில்லையென்றால், தொடை அல்லது மணிக்கட்டு வழியாகச் சன்னமான குழாயைச் செலுத்தி, கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷனுக்கு. அதுவும் முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு. எதற்குச் சம்மதிக்கிறோம், எதை மறுக்கிறோம், மறுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கும் தெம்பு இருக்காது. அவசரம் இல்லாத ஒரு நாளில் படித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் எண்டோஸ்கோபி அறையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றைக் கிழிக்காத வழி இருக்கும்போது அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் மூன்றில் எது என்பதை ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தீர்மானிக்கும். குடும்பத்தின் கையில் உண்மையிலேயே இருக்கிற முடிவு அதற்கு முன்னால் வருவது: எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த நிலையில் கொண்டுபோகிறோம்?

பக்கத்து ஆஸ்பத்திரியா, நேராகப் பெரிய ஆஸ்பத்திரியா?

"மேல்சிகிச்சைக்காக ஜிப்மர்" என்பது கடலூர் மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் வரும் வார்த்தை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கும் புதுச்சேரி கோரிமேட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சாயங்காலத்தில் அரியாங்குப்பம், மரப்பாலம் நெரிசலில் மாட்டினால் கணக்கு தப்பிவிடும். சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்குத் தூரம் இரண்டு மடங்குக்கு மேல்.

நேராகக் காரில் ஏற்றிக்கொண்டு ஜிப்மருக்கோ புதுச்சேரியின் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்கோ ஓடுவது ஒரு வழி. மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனையிலோ, அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலோ முதலில் நிறுத்தி, ட்ரிப்ஸ் ஏற்றி, அங்கிருந்து 108-ல் போவது இன்னொரு வழி. பலரும் முதல் வழிதான் வேகம் என்று நினைக்கிறார்கள். நோயாளி திடமாக உட்கார்ந்து பேசுகிறார், மலம் மட்டும் தார் போலக் கருப்பாகப் போகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றவில்லை என்றால் அந்த வழி சரிதான். நேராக எண்டோஸ்கோபி உள்ள இடத்துக்கே போகலாம்.

சிவப்பாக வாந்தி வருகிறது, உடம்பு சில்லென்று வியர்க்கிறது, நிற்க வைத்தால் கண் இருட்டுகிறது, நாடி வேகமாக ஓடுகிறது என்றால் அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்தில் டாக்டரும் ரத்தமும் இருக்கும் இடத்தில் முதலில் நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் அங்கே செய்யக்கூடியவை உயிரைக் காப்பவை. இரண்டு கையிலும் மருந்தும் ரத்தமும் ஏற்றப் பெரிய அளவு வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடுவார்கள். ரத்த வகை பார்க்க மாதிரி எடுத்து, சலைன் ஏற்றி, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசி போடுவார்கள். கல்லீரல் சுருக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்தால், உள்ளே ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு அல்லது டெர்லிபிரெசின் மருந்தையும், செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக்கையும் அங்கேயே தொடங்கிவிடலாம். இந்த மருந்துகளுக்கு எண்டோஸ்கோபி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் விழுந்துபோன உடம்பில் நரம்பு கிடைக்காமல் தேடுவது எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கையெல்லாம் தட்டித் தடவி, கடைசியில் கழுத்திலோ தொடையிலோ ஊசி குத்த வேண்டிவரும். பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே போட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

அங்கிருந்து கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. எந்த இடத்துக்கு அனுப்புகிறார்களோ அங்கே போன் போட்டு, இன்றிரவு எண்டோஸ்கோபி டீம் இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, ஐசியூ படுக்கை இருக்கிறதா என்று கேட்கும்படி டூட்டி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடம் பெரிதாக இருந்தால் மட்டும் ராத்திரியில் ஸ்கோப் நடக்காது. டாக்டர், டெக்னீஷியன், நர்ஸ், மயக்க மருந்து டாக்டர் எல்லோரும் வேண்டும்.

இந்த இடத்தில் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது முதல் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். வாந்தியெடுத்த ஒரு மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் 12 என்று வரும். "12 இருக்கே, பயப்பட ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்குக் கூட்டிப்போக நினைப்பார்கள். ரத்தம் முழுசாக, அணுக்களும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால், மிச்சம் இருப்பதன் அடர்த்தி உடனே குறையாது. உடம்பு நீரை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, பல மணி நேரம் கழித்துத்தான் எண் விழும். அதுவரை நாடியும் ரத்த அழுத்தமும் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். இளவயதுக்காரர்களில் ரத்த அழுத்தம்கூடக் கடைசி வரை பிடித்து நிற்கும், நாடி மட்டும் 120, 130 என்று ஓடும்.

ரத்தம் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதிலும் வாக்குவாதம் வரும். "நாலு யூனிட் போடுங்க சார், நாங்க டோனர் கூட்டிட்டு வர்றோம்" என்பார்கள். பாசத்தில் கேட்பதுதான். ஆனால் 2013-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் 921 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனபோது மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 95 சதவீதம் பேர் ஆறு வாரத்தில் உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் கீழே போனதுமே ஏற்றியவர்களில் 91 சதவீதம். தாராளமாக ஏற்றினால், முக்கியமாகக் கல்லீரல் நோயாளிகளில், உள்ளே அழுத்தம் கூடி மறுபடி கசியும். இதய நோய் உள்ளவர்களுக்கு 8 என்ற அளவில் பார்ப்பார்கள். கொட்டிக்கொண்டே இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே போகிற வேகத்துக்கு ஏற்றத்தான் வேண்டும்.

"ரத்தம் நிற்கிற ஊசி" என்று எல்லோரும் கேட்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-ல் வெளியான, 12,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த பன்னாட்டு ஆய்வில், குடல் ரத்தப்போக்கில் அது இறப்பைக் குறைக்கவில்லை; ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது கூடியது. விபத்துக் காயத்திலும் பிரசவத்திலும் உதவுகிற மருந்துதான், இதற்கு உதவவில்லை. டாக்டர் போடவில்லையென்றால் சண்டை போடாதீர்கள். அப்புறம், வாய் வழியாக எதுவும் வேண்டாம். வயிறு குளிரட்டும் என்று மோரும் இளநீரும் கொடுத்துக் கூட்டிவருவார்கள். ஸ்கோப் போட்டால் திரையில் வெள்ளை வெள்ளையாக அதுதான் தெரியும். புண் எங்கே என்று தெரியாது. நோயாளி மயக்கத்தில் அதை மூச்சுக்குழாயில் இழுத்துக்கொண்டால் அது வேறு ஆபத்து.

எண்டோஸ்கோபி: எப்போது, எவ்வளவு தூரம்?

வந்ததும் ஸ்கோப் போடவில்லையே என்று கோபப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஹாங்காங்கில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகம் உள்ள நோயாளிகளையே எடுத்துக்கொண்டு, நிபுணரிடம் தகவல் போன ஆறு மணி நேரத்துக்குள் ஒரு பிரிவினருக்கும், ஆறிலிருந்து 24 மணி நேரத்துக்குள் இன்னொரு பிரிவினருக்கும் ஸ்கோப் போட்டார்கள். சீக்கிரம் போட்டதால் உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. முதலில் ரத்த அழுத்தத்தை நிமிர்த்துவது, அப்புறம் ஸ்கோப் என்பதுதான் முறை. அல்சருக்கு 24 மணி நேரத்துக்குள், கல்லீரல் நோயால் உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்தது என்ற சந்தேகம் இருந்தால் 12 மணி நேரத்துக்குள் என்பது நடைமுறை. நிறுத்தவே முடியாமல் கொட்டுகிறவருக்கு மட்டும் விதிவிலக்கு.

அல்சர் ரத்தப்போக்கில் எண்டோஸ்கோபியைத் தாண்டி வேறொன்றை முதலில் யோசிக்கவே காரணம் இல்லை. நம் பக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள். வலி மாத்திரையோடு இதயத்துக்கு ஆஸ்பிரினும் சாப்பிடும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள்தான் கருப்பு மலத்தோடு வருகிறவர்களில் நிறையப் பேர்.

ஸ்கோப் உள்ளே போனதும் முதல் சில நிமிஷம் கழுவுவதும் உறிஞ்சுவதும்தான் வேலை. திரை முழுக்கச் சிவப்பு. நோயாளியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்போம். உறைந்த ரத்தம் இரைப்பையின் ஒரு மூலையில் தேங்கி நிற்கும், சில சமயம் அவரைப் புரட்டினால்தான் அது நகர்ந்து புண் தெரியும். சிறுகுடல் தொடக்கத்தின் பின்சுவரில் குழிவான ஒரு புண், அதன் நடுவில் மிளகு அளவு மேடு, அதிலிருந்து நாடித்துடிப்போடு பீய்ச்சும் ரத்தம். பார்த்தால் மறக்காது. சுற்றிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்த அட்ரினலினை ஊசியால் ஏற்றும்போது புண்ணின் விளிம்பு வெளுத்து உப்பும், பீய்ச்சுவது கசிவாகக் குறையும். அந்த இடைவெளியில் கிளிப்பைக் கொண்டுபோய்ச் சரியாக அந்த மேட்டின் மேல் கடிக்க வைக்க வேண்டும். பிறகு தண்ணீர் அடித்துக் கழுவி, காத்திருந்து பார்ப்போம்.

அட்ரினலின் மட்டும் போட்டுவிட்டு வெளியே வருவது போதாது. சில மணி நேரத்தில் அதன் வீரியம் போய்விடும். அதோடு கிளிப்போ, சூடு வைத்துக் கருக்குவதோ சேர வேண்டும். ரிப்போர்ட்டில் ஃபாரஸ்ட் 1ஏ, 1பி, 2ஏ என்று எழுதியிருக்கும். 1974-லிருந்து இருக்கும் வகைப்பாடு அது. 1ஏ என்றால் பீய்ச்சுகிறது, 1பி என்றால் கசிகிறது, 2ஏ என்றால் இப்போது நின்றிருக்கிறது, ஆனால் ரத்தக்குழாய் வெளியே தெரிகிறது. இந்த மூன்றுக்கும் சிகிச்சை வேண்டும். அதன் பிறகு மூன்று நாள் பான்டோபிரசோலை அதிக அளவில் கொடுத்து ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பார்கள். ஃபாரஸ்ட் 3 என்று எழுதியிருந்தால் அடியில் சுத்தமான புண். பெரும்பாலும் மாத்திரையோடு சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

மறுபடி கசிந்தால் என்ன? இங்கேதான் குடும்பம் உடைந்துபோகும். "ஒரு தடவ பார்த்து நிக்கல, இனிமே ஆபரேஷன்தான்" என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. 1999-ல் ஹாங்காங்கில், முதல் எண்டோஸ்கோபிக்குப் பிறகு மறுபடி ரத்தம் வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மறுபடி எண்டோஸ்கோபி, இன்னொரு பாதிக்கு ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். மறுபடி ஸ்கோப் போட்டவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு அதிலேயே நின்றது. சிக்கல்களும் ஆபரேஷன் பிரிவைவிடக் குறைவு. ஆகவே இரண்டாவது எண்டோஸ்கோபிக்குத் தயங்காமல் சம்மதிக்கலாம். பெரிய புண், ரத்த அழுத்தம் விழுந்த நிலை என்று இருந்தால் அது தோற்கிற வாய்ப்பு கூடும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இரண்டு எண்டோஸ்கோபியும் தோற்ற பிறகு: கேத் லேபா (எம்போலைசேஷன் செய்யும் அறை), ஆபரேஷன் தியேட்டரா?

"ஓட்டை ஒண்ணு போதும்னு சொல்றாங்களே சார், அப்புறம் எதுக்கு வயித்தைத் திறக்கணும்னு இன்னொரு டாக்டர் சொல்றாரு?" என்று ஒரு மகன் கேட்டது நினைவிருக்கிறது. டாக்டர் உட்கார்ந்து பேசினார். "தம்பி, ரெண்டும் தப்பில்ல. அப்பாவுக்கு 74 வயசு, ஏற்கெனவே ஸ்டென்ட் வெச்சிருக்கார். வயித்தைத் திறந்தா நிச்சயம் நிறுத்திடலாம், ஆனா அந்த மயக்கத்தையும் காயத்தையும் அவர் உடம்பு தாங்கணும். கேத் லேப்ல பண்ணினா உடம்பு தாங்கும், மறுபடி கசியிற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. எந்தப் பயத்தை எடுத்துக்கறோம்ங்கிறதுதான் கேள்வி." இந்த ஒப்பீட்டை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எம்போலைசேஷன் புதிய வித்தை ஒன்றும் இல்லை. 1972-லேயே அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், இரைப்பையில் ரத்தம் கொட்டிய ஒருவருக்கு, அவருடைய சொந்த ரத்தக் கட்டியையே குழாய் வழியாகச் செலுத்தி நிறுத்தியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று பிளாட்டினம் சுருள், ஜெலாட்டின் பஞ்சு, நுண்துகள், பசை என்று வந்துவிட்டது. நோயாளி விழித்திருக்கும்போதே, ஊசி போட்ட இடம் மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்யலாம். எக்ஸ்ரேயில் தெரியும் டை என்ற திரவத்தைச் செலுத்தியதும் திரையில் கருப்பு மரக்கிளை போல ரத்தக்குழாய்கள் விரியும். கசியும் இடத்தில் மட்டும் மை ஊறிய மாதிரி ஒரு திட்டு நின்றுவிடும். நிமிஷத்துக்கு அரை மில்லியாவது கசிந்துகொண்டிருந்தால்தான் அந்தத் திட்டு தெரியும். ரத்தம் விட்டுவிட்டு வருகிறவருக்கு, கேத் லேபுக்குப் போன நேரத்தில் நின்றுபோயிருந்தால் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் எண்டோஸ்கோபி செய்த டாக்டர் புண்ணின் ஓரத்தில் ஒரு கிளிப்பை விட்டுவைப்பார். எக்ஸ்ரேயில் அது தெரியும். கசிவு தெரியாவிட்டாலும் அந்த இடத்துக்குப் போகும் குழாயை அடைத்துவிடலாம்.

சிறுகுடல் தொடக்கத்துப் புண்ணுக்குப் பின்னால் ஓடும் கேஸ்ட்ரோடியோடினல் தமனிக்கு இரண்டு பக்கமும் ரத்த வரவு உண்டு. ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் இன்னொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். வயலுக்குப் போகும் வாய்க்காலில் இரண்டு தலைப்பிலிருந்தும் தண்ணீர் வந்தால் இரண்டு மடையையும் அடைக்கிற மாதிரி, கசிவுக்கு முன்னும் பின்னும் சுருள் வைக்க வேண்டும். இது செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அதனால் கேத் லேப் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், குடல் ரத்தப்போக்குக்கு எம்போலைசேஷன் செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர் இப்போது இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும் இடம் எல்லாவற்றிலும் இது நடக்காது.

பாதகங்களையும் மறைக்கக் கூடாது. டை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், சர்க்கரை நோயாளிகளில் கவனம் வேண்டும். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம். குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து அந்தப் பகுதி செத்துப்போவதுதான் பெரிய பயம். இரைப்பைக்கும் சிறுகுடல் தொடக்கத்துக்கும் பல பக்கத்திலிருந்து ரத்தம் வருவதால் அங்கே அது அரிது. பெருங்குடலில் வரவு குறைவு, அங்கே மிகச் சின்னக் கிளை வரை போய் அடைக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு இன்றும் இடம் இருக்கிறது. புண் ஓட்டையாகியிருந்தால், ரத்த அழுத்தம் எதற்கும் நிமிராமல் கேத் லேபுக்குக் கொண்டுபோகும் நேரம்கூட இல்லாவிட்டால், அந்த இரவில் எம்போலைசேஷன் செய்ய ஆள் இல்லாவிட்டால், புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்து அது வெட்டி எடுக்கக்கூடியதாக இருந்தால், சர்ஜன்தான். புண்ணைத் தைத்து, அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாயை நேரில் பார்த்துக் கட்டுவார். மறுபடி கசிவது எம்போலைசேஷனைவிடக் குறைவு. ஆனால் பல ஒப்பீட்டு ஆய்வுகளில், எம்போலைசேஷனுக்குப் போனவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அதிகம் நோயுற்றவர்கள் என்றிருந்தும், இரண்டு பிரிவிலும் இறப்பு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆபரேஷனில் சிக்கல்கள் அதிகம். வயதானவருக்கும் இதயம், நுரையீரல் பலவீனமானவருக்கும் கேத் லேபைத்தான் முதலில் கேட்பேன். உடம்பு நன்றாக இருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு, கேத் லேப் இரண்டு மணி நேரத் தொலைவில், சர்ஜன் பக்கத்து அறையில் என்றால் தயங்காமல் சர்ஜனிடம் கொடுப்பேன். ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவரை "கத்தி வேண்டாம்" என்ற ஒரே ஆசைக்காகச் சென்னை வரை ஆம்புலன்ஸில் கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லீரல் சுருக்கம் இருந்தால் கணக்கே வேறு

மதுவாலோ, ஹெபடைடிஸ் பி, சி-யாலோ, கொழுப்பு படிந்தோ கல்லீரல் சுருங்கினால், அதற்குள் போக வேண்டிய ரத்தம் வழி கிடைக்காமல் உணவுக்குழாயின் அடிப்பகுதி நரம்புகளில் ஏறிப் புடைக்கும். அது வெடித்தால் வலியே இல்லாமல் சட்டி நிறைய ரத்தம் வரும். கடலூர், புதுச்சேரி எல்லையோரத்தில் இந்த நோயாளிகள் எத்தனை இளவயதில் வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். முப்பதுகளில் இருக்கும் மனைவி, கையில் குழந்தை. குடித்ததால் வந்தது என்று வார்டில் யாராவது முணுமுணுத்தால் எனக்கு மனசு பொறுக்காது. ரத்தத்தை நிறுத்தும் நேரத்தில் காரணத்தைப் பழிக்க இடமில்லை.

இங்கே முதல் வழி பேண்டிங். ஸ்கோப் முனையில் ஒரு சின்னத் தெளிவான மூடி, அதைச் சுற்றி ரப்பர் வளையங்கள் ஏற்றியிருக்கும். புடைத்த நரம்பை மூடிக்குள் உறிஞ்சியதும் திரை முழுக்கச் சிவப்பாகும், கைப்பிடியைத் திருப்பினால் வளையம் விழுந்து இறுகும். அடுத்த நரம்புக்குப் போகலாம். இரைப்பைக்குள் இருக்கும் புடைப்புக்கு வளையம் அவ்வளவாகப் பிடிக்காது, சயனோஅக்ரிலேட் பசையை ஊசியால் ஏற்றுவார்கள். இந்த இரைப்பைப் புடைப்புகளை உலகம் முழுக்க வகைப்படுத்தும் முறையை வகுத்தவர் இந்திய டாக்டர் எஸ்.கே. சரின்.

பேண்டிங்கில் நிற்கவில்லையென்றால், ஆபரேஷன் இந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் வழியே இல்லை. கல்லீரல் தாங்காது. அங்கே கேத் லேப்தான்: கழுத்து நரம்பு வழியாகப் போய்க் கல்லீரலுக்குள்ளேயே இரண்டு நரம்புகளை இணைத்து ஸ்டென்ட் வைக்கும் டிப்ஸ் சிகிச்சை. அழுத்தம் உடனே இறங்கும். நிற்காதவர்களுக்குக் கடைசி ஆயுதமாக மட்டும் இதைப் பார்த்த காலம் உண்டு. 2010-ல் ஐரோப்பாவில் 63 பேரில் நடந்த ஆய்வு, மிக மோசமான கல்லீரல் நிலை உள்ள சிலருக்கு, பேண்டிங்கில் நின்றிருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் வைத்தால் ஓர் ஆண்டுக்குப் பின் 86 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் என்றும், வைக்காதவர்களில் 61 சதவீதம் என்றும் காட்டியது. எல்லோருக்கும் இது பொருந்தாது. கல்லீரலைத் தாண்டி ரத்தம் போவதால் குழப்பம், பிதற்றல், மயக்கம் வரலாம். இதயம் பலவீனமானவருக்கு வைக்கக் கூடாது. அந்த ஸ்டென்டின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு மலை. ஆனாலும் "இவருக்கு டிப்ஸ் யோசிக்கலாமா?" என்ற கேள்வியை முதல் இரண்டு நாளுக்குள் கேட்டுவிடுங்கள்.

அதுவரை தாக்குப்பிடிக்க மூக்கு அல்லது வாய் வழியாக விடும் பலூன் ஒன்று இருக்கிறது. ஊதி அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது, காற்றை எடுத்ததும் பாதிப் பேருக்கு மறுபடி வரும். அதை ஒரு சிகிச்சை என்று நினைத்து நிம்மதியாகிவிடாமல், அந்த 24 மணி நேரத்தில் அடுத்த இடத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மலத்தில் சிவப்பு ரத்தமாக வந்தால் பெரும்பாலும் பெருங்குடல் பக்கம், பலருக்குத் தானாக நிற்கும். நிற்காமல் ரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுப்பது நல்லது. நிமிஷத்துக்கு 0.3 மில்லி கசிந்தால்கூட அது காட்டும், அதை வைத்து நேராக எம்போலைசேஷனுக்குப் போகலாம். நிலைமை தேறியவருக்கு, குடலைச் சுத்தம் செய்துவிட்டு, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலனோஸ்கோபி.

பணமும் காகிதமும்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. கடலூர் அட்டை வைத்திருப்பவர் எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகும்போது, அந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா, செல்லுமானால் எம்போலைசேஷனுக்கும் சுருளுக்கும் சேர்த்தா என்று கவுண்டரில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே கவரில் வையுங்கள். அதோடு இன்னும் முக்கியமாக, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் அள்ளிக்கொண்டு வாருங்கள். "ஏதோ வெள்ளை மாத்திரை" என்பதைவிட, காலி அட்டை ஒன்று டாக்டருக்கு நூறு மடங்கு உதவும். ஆஸ்பிரினா, குளோபிடோக்ரலா, வார்ஃபரினா என்று தெரிந்தால் சிகிச்சையே மாறும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லியிருந்தால், எப்போது மறுபடி தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். சில நாட்களுக்குள்ளேயே தொடங்க வேண்டிய மருந்து அது. பயந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டால் இதயம் அடைத்துப் போகும் ஆபத்து. அல்சர்காரர்களுக்குக் கிருமிப் பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள். ரத்தம் வந்த நேரத்தில் எடுத்த பரிசோதனை கிருமி இல்லை என்று காட்டினால் பின்னால் மறுபடி எடுக்க வேண்டும், அந்த நேரத்து முடிவு தவறிப்போவது உண்டு. பேண்டிங் போட்டவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடுத்த பேண்டிங், புடைப்பு மறையும் வரை. கூடவே உள் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் அல்லது புரோப்ரனலால் மாத்திரை. கிளிப் போட்டிருந்தால் அதன் வகையையும் தேதியையும் எழுதச் சொல்லி வாங்கிவையுங்கள். பிறகு எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கப் போனால் அந்தக் காகிதத்தை ஸ்கேன் சென்டரில் முதலிலேயே காட்ட வேண்டும்.